குடத்தில் இல்லாத ஓலை

உத்தரமேரூர் என்ற பெயரைக் கேட்டதும் தமிழர்களாகிய நம்முடைய மார்பு சற்று விரியத்தான் செய்கிறது. விரியட்டும், அதில் தவறு ஒன்றும் இல்லை. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, வயல்களும் ஏரியும் சூழ்ந்த அந்த ஊரில் வைகுந்தப் பெருமாள் ஆலயம் இருக்கிறது. அதன் சுவர்க் கற்களில், முதலாம் பராந்தக சோழன் ஆட்சியில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட சாஸனங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஓர் ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்பதை இவ்வளவு விவரமாக எழுதிக் கல்லிலேயே பொறித்து வைத்த கிராமத்தை உலகத்தில் வேறு எங்கே காணப் போகிறோம்?

"மேனாட்டார்தான் நமக்கு ஜனநாயகத்தைக் கற்றுக் கொடுத்தார்கள்" என்று யாராவது சொன்னால், உடனே நாம் உத்தரமேரூரைச் சுட்டிக் காட்டுகிறோம். ஆனால் அப்படிச் சுட்டிக் காட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சாஸனத்தை முழுவதும் படித்திருப்பார்கள்? படித்துப் பார்த்தால் நமக்குப் பெருமை தரும் விஷயமும் அதில் இருக்கிறது. தலையைக் குனிய வைக்கும் விஷயமும் இருக்கிறது. இரண்டும் இன்றைய நம்முடைய காரியாலயங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும், ஏன், நம்முடைய வீட்டுச் சமையலறைக்கும்கூடப் பாடம் சொல்லக் கூடியவை.

தம்மைத் தாமே சந்தேகித்தவர்கள்

முதலில் பெருமைக்குரிய விஷயத்தைப் பார்ப்போம்.

ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதினார்கள். அந்தந்தக் குடும்பின் ஓலைகளை வாயோலையுடன் சேர்த்துக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். பிறகு சபை கூடியது. இளைஞர், முதியவர் எல்லாரும் வந்தாக வேண்டும். ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் வந்து அமர வேண்டும். அவர்களில் வயது முதிர்ந்த ஒருவர் எழுந்து நின்று, எல்லாரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் அதில் கை விட்டு ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டின் ஓலைகளை வேறொரு வெற்றுக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அதே சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும்! வாங்கிப் படித்தால் மட்டும் போதாது. மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாங்கிப் படிக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தப் பெயர் செல்லும்.

இப்படியே குடும்புக்கு ஒருவராக முப்பது பேர். அவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்ஸர வாரியம். பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம். ஆறு பேர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள். அதற்குள் குற்றம் கண்டால் உடனே நீக்கி விடலாம். முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரை இடவே கூடாது. அவருடைய தாயாரின் சகோதரிகள் பெற்ற பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார் என்று நீளும் உறவினர் பட்டியல் ஒன்று இருக்கிறதே, அவர்கள் பெயரும் கூடாது.

இது வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை அல்ல, குலுக்கல் முறை. ஆகையால் இதை நம் காலத்துத் தேர்தலோடு ஒப்பிடுவது அவ்வளவு பொருத்தம் இல்லை. ஆனால் தேர்தலைக் காட்டிலும் ஆச்சரியமான ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. அந்த ஊரார் கள்வர்களை மட்டும் சந்தேகிக்கவில்லை. தம்மைத் தாமே சந்தேகித்தார்கள். "நான் யோக்கியன், நான் பாரபட்சம் பார்க்க மாட்டேன்" என்று எவரும் சொல்லிவிட்டுப் போக அவர்கள் இடம் வைக்கவில்லை. நல்லவன் கையும் வேண்டியவன் பக்கம் சாயும் என்பதை அறிந்திருந்தார்கள். அதனால்தான் விரலை விரிக்கச் சொன்னார்கள். அதனால்தான் ஒன்றும் அறியாத பாலகனை அழைத்தார்கள். 919-இல் செய்த விதியில் குறை கண்டபோது, இரண்டே ஆண்டுகளில் அதைத் திருத்தவும் செய்தார்கள். முதல் சாஸனத்தில் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்த வயது வரம்பு, இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாறியிருக்கிறது.

மனிதன் தெரிந்து செய்யும் ஓரவஞ்சனை ஒன்று. தெரியாமலே செய்யும் ஓரவஞ்சனை மற்றொன்று. இந்த இரண்டாவதைப் பற்றித்தான் இன்று உலகெங்கும் மனோதத்துவ நிபுணர்கள் ஏடு ஏடாக எழுதி வருகிறார்கள். உத்தரமேரூரார் ஏடு எழுதவில்லை. விரலை விரிக்கச் சொன்னதோடு நிறுத்திக் கொண்டார்கள்.

குடத்துக்கு வெளியே

இனித் தலை குனியும் விஷயம்.

சிறுவன் கையை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், குடத்தில் இருக்கும் ஓலையைத்தானே அவன் எடுக்க முடியும்? குடத்தில் யாருடைய பெயர் இருந்தது? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் உடையவர், தம் மனையிலே வீடு கட்டிக் குடியிருப்பவர், வேதம் கற்று ஓதுவிக்க வல்லவர் இவர்களின் பெயர்கள். மறை நன்கு கற்றவராயின் அரைக்கால் வேலி போதும் என்று சலுகையும் உண்டு. உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அதாவது பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட ஊர். ஆகவே அந்த ஏரியின் கரையை வெட்டி மண் சுமந்தவன் பெயர் குடத்தில் இல்லை. தோட்டத்தில் நீர் இறைத்தவன் பெயர் இல்லை. நாற்று நட்டவள் பெயர் நிச்சயமாக இல்லை. சாஸனத்தை எழுதியவர்கள் இவர்களை வேண்டுமென்று வெறுத்து ஒதுக்கினார்கள் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் இவர்களைப் பற்றி அவர்களுக்கு நினைவே வந்திராது. அதுதான் இதில் உள்ள பயங்கரம்.

1948 நவம்பரில் நம்முடைய அரசியல் நிர்ணய சபையில் இந்த இரண்டு பக்கங்களும் நேருக்கு நேர் நின்றன. ஆந்திர கேசரி பிரகாசம் எழுந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உத்தரமேரூரில் குடவோலை முறை இருந்ததை எடுத்துச் சொல்லி, கிராமப் பஞ்சாயத்துக்களுக்கு அரசியல் சட்டத்தில் இடம் வேண்டும் என்று வாதாடினார். அதே மாதம் 4-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர், கிராமத்தின் மீது நாம் கொண்டிருக்கும் காதலைக் கடுமையாகக் கண்டித்து, அறியாமைக்கும் குறுகிய புத்திக்கும் சாதி வெறிக்கும் கிராமமே உறைவிடம் என்று பேசியிருந்தார். பிரகாசம் குடத்தைப் பார்த்தார். அம்பேத்கர் குடத்துக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்தார். இருவர் சொன்னதும் உண்மைதான். அரசியல் சட்டத்தில் பஞ்சாயத்தும் இடம் பெற்றது. தீண்டாமை ஒழிப்பும், சர்க்கார் உத்தியோகத்தில் சம வாய்ப்பும் இடம் பெற்றன.

பெயர் செய்யும் வேலை

"அதெல்லாம் பழங்கதை. இப்போது யார் சாதி பார்த்து வேலை கொடுக்கிறார்கள்? தகுதி இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை" என்று நேயர்களில் சிலர் நினைக்கக் கூடும். பெரிய கம்பெனிகளில் ஆள் எடுக்கும் அதிகாரிகளும் மனமார அப்படித்தான் சொல்லுகிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் என்னும் இரு அறிஞர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 2005-ஆம் ஆண்டு முதல் 66 வாரம், பத்திரிகைகளில் வந்த தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்களை அனுப்பினார்கள். 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். படிப்பும் அனுபவமும் ஒத்தவை. பெயர் மட்டும் வேறு. சில பெயர்கள் உயர் சாதி ஹிந்துப் பெயர்கள்; சில தலித் பெயர்கள்; சில முஸ்லிம் பெயர்கள். 2007-இல் முடிவு வெளியாயிற்று. உயர் சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும், முஸ்லிம் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும்தான் வாய்ப்பு இருந்தது. அந்த விண்ணப்பங்களைப் புரட்டிய அதிகாரிகள் எல்லாரும் துஷ்டர்களா? இல்லை. அவர்கள் விரலை விரிக்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் நாம் சற்றே ஆறுதல் கொள்ளலாம். 1929 பிப்ரவரியில், உத்தரமேரூருக்கு வெகு அருகில் உள்ள செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக் கொள்ளக் கூடாது என்று தீர்மானித்தது. நாளடைவில் நம் நாட்டில் அந்த வழக்கம் பெரும்பாலும் மறைந்து, பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து மட்டும் நிற்கிறது. ஆனால் வாலை நறுக்கி விட்டோமே தவிர, நாக்கை நறுக்கவில்லை! "தம்பிக்குச் சொந்த ஊர் எது?" "ஊரில் எந்தத் தெரு?" "குலதெய்வம் எது?" "வீட்டில் சைவந்தானே?" என்று எத்தனை நாசூக்கான கேள்விகள்! கணக்கு எழுத வந்த பிள்ளையிடம் குலதெய்வத்தைக் கேட்பானேன்?

கல்யாணம் ஆயிற்றா?

ஸ்திரீகள் விஷயத்தில் நாசூக்குக்கூடக் கிடையாது. நேராகவே கேட்டு விடுகிறோம்.

1943-இல் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் மின்சாரப் பொறியியல் பட்டம் பெற்றார் ஏ. லலிதா. பதினெட்டாவது வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு கைம்பெண் ஆனவர் அவர். அவருடன் லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவரும் படித்துத் தேறினார்கள். கல்லூரியில் அச்சடித்து வைத்திருந்த சான்றிதழில் 'அவன்' என்றுதான் இருந்தது. அதை அடித்து 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுத்தார்களாம். அச்சடித்தவருக்குப் பெண்கள்மேல் பகை ஒன்றும் இருந்திராது. ஒரு பெண் வந்து அதை வாங்கிக் கொள்வாள் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். லலிதா பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணையின் மின்சார ஜெனரேட்டர் வேலையில் பங்கு கொண்டார். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் சீஃப் என்ஜினீயர் ஆனார்.

1951-இல் அன்னா ராஜம் ஜார்ஜ் ஐ.ஏ.எஸ். பரீட்சையில் தேறினார். பேட்டி கண்டவர்கள், "பெண்களுக்கு வெளிநாட்டுத் தூதர் வேலைதான் பொருத்தம்" என்று திசை திருப்பப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. சென்னை ராஜ்யத்துக்கே வந்து சேர்ந்தார். அப்போது முதன் மந்திரி நம் ராஜாஜி. அவருக்கும் தயக்கம். ஜில்லா நிர்வாகம் பெண்ணுக்குச் சரிப்படுமா, செக்ரடேரியட்டில் ஒரு நாற்காலி கொடுத்தால் போதாதா என்று எண்ணினார். தமக்குக் குதிரை ஏறத் தெரியும், துப்பாக்கி சுடத் தெரியும் என்று அந்த இளம்பெண் வாதாடி, ஓசூருக்கு ஸப்-கலெக்டராகப் போனார். பிறகு, திருச்சியில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் அதே ராஜாஜி அவரை முன்மாதிரியாக எடுத்துப் பேசினார். இதிலே ராஜாஜிக்குக் குறைவு ஒன்றும் இல்லை. பெரிய அறிவாளிக்கும் அறியாத ஓரம் ஒன்று மனத்தில் இருக்கும். கண்ணால் கண்ட பிறகும் மாற்றிக் கொள்ளாதவன்தான் சிறியவன்.

அன்னா ராஜத்தின் நியமன உத்தரவிலே, கல்யாணம் செய்து கொண்டால் உத்தியோகம் போய்விடும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. தூதர் வேலையிலும் இதே கதைதான். 1949-இல் வெளிநாட்டு ஸர்விஸில் சேர்ந்த முதல் பெண்மணி சி. பி. முத்தம்மா, சென்னையில் படித்த குடகு நாட்டுப் பெண். பெண் அதிகாரி மணம் செய்யச் சர்க்காரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியையும், பதவி உயர்வில் தமக்கு இழைக்கப்பட்ட ஓரவஞ்சனையையும் எதிர்த்து அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர், ஆணுக்கு இல்லாத கட்டுப்பாடு பெண்ணுக்கு எதற்கு என்று சர்க்காரைக் கேட்டு, இத்தகைய விதிகளைத் துருவிப் பார்த்துத் திருத்தும்படி எழுதினார்.

அத்துடன் தீர்ந்ததா? 2024 ஜூனில், நம் காஞ்சிபுரம் ஜில்லா ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஒரு பெரிய கைபேசித் தொழிற்சாலையில், கல்யாணமான பெண்களைப் பாகம் பூட்டும் வேலைக்குச் சேர்ப்பதில்லை என்று செய்தி வெளிவந்தது. தாங்கள் அப்படிப் பாகுபாடு செய்வதில்லை என்று நிறுவனத்தார் மறுத்தார்கள். மத்திய சர்க்கார் தமிழ்நாட்டு சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. எது எப்படியாயினும், எழுபது ஆண்டுகளுக்கு முன் டில்லியில் எழுந்த அந்தக் கேள்வி, உத்தரமேரூரிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் மறுபடியும் எழுந்திருக்கிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

ஓலை வந்தது, நாற்காலி வரவில்லை

இப்போது குடத்தில் எல்லாருடைய ஓலையும் இருக்கிறது. 1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24-ஆம் தேதி அமுலுக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் ஆதி திராவிடர்களுக்கும் பழங்குடிகளுக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கிற்று. தமிழ்நாட்டில் 2016-இல் பெண்களுக்கு உரிய பங்கு பாதியாக உயர்ந்தது. சோழர் காலத்துச் சபையில் வாசற்படிக்கு அப்பால் நின்றவளின் பேத்தி, இன்று சபைக்குத் தலைமை வகிக்கலாம்.

வகிக்கலாம், ஆனால் உட்காரலாமா? மதுரைப் பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில், தலைவர் பதவி ஆதி திராவிடருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகப் பத்து ஆண்டுகள் ஊராட்சியே சரிவர நடக்காமல் இருந்தது; 2006-இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. 2020-இல் கடலூர் ஜில்லாவில் ஓர் ஊராட்சியில் மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, ஆதி திராவிடப் பெண்ணான தலைவி தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியாகி, தேசமே வெட்கப்பட்டது. குற்றம் செய்தவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. சட்டம் ஓலையைக் குடத்தில் போடும். நாற்காலியை எடுத்துப் போடுவது பக்கத்தில் இருக்கும் மனிதனின் வேலை.

நாம் செய்யக் கூடியது

உத்தரமேரூரின் குறையை நீக்கி அதன் நிறைவை எடுத்துக் கொள்வது கஷ்டமான காரியம் அல்ல. ஆளைப் பார்ப்பதற்கு முன்பே, வேலைக்கு என்ன தகுதி வேண்டும் என்று எழுதி வைத்துக் கொள்ளுங்கள். பார்த்த பிறகு எழுதினால், பிடித்தவனுக்கு ஏற்ற தகுதியே எழுதப்படும். பரீட்சை விடைத்தாளில் பெயரை மறைத்து எண்ணை மட்டும் காட்டுவது போல, விண்ணப்பத்திலும் முதலில் பெயரை மறைத்துப் படியுங்கள். வந்தவர் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ஆணிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் கேட்காதீர்கள். ஒருவர் மட்டும் முடிவு செய்யாமல், பல கை மாறி ஓலை படிக்கப்படட்டும். மைத்துனன் விண்ணப்பம் போட்டிருந்தால் எழுந்து வெளியே போய்விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "யார் பெயர் வந்திருக்கிறது?" என்று பார்ப்பதற்கு முன், "யார் பெயர் வரவே இல்லை?" என்று ஒரு தடவை கேட்டுக் கொள்ளுங்கள். மாடிப்படி ஏற முடியாதவன் மாடியில் நடக்கும் பேட்டிக்கு எப்படி வருவான்? 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சர்க்கார் உத்தியோகத்தில் உடல் ஊனமுற்றோருக்கு நூற்றுக்கு நாலு இடம் ஒதுக்குகிறது; அந்த நாலு பேர் வாசலைத் தாண்டி வரச் சாய்தளம் கட்டாவிட்டால் என்ன பிரயோசனம்?

"எனக்குக் கம்பெனியும் இல்லை, காரியாலயமும் இல்லை, இதெல்லாம் எனக்கு எதற்கு?" என்று இதைப் படிக்கும் குடும்பத் தலைவியோ தலைவரோ பத்திரிகையை மடித்துவிட வேண்டாம். காலையில் உங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மாள் வருகிறாள் அல்லவா? அவளுக்கு உங்கள் வீடுதான் காரியாலயம். அவளுக்குக் காப்பி எந்தத் தம்ளரில் போகிறது? அந்தத் தம்ளர் அலமாரியில் மற்றத் தம்ளர்களோடு இருக்கிறதா, கொல்லைப்புற ஜன்னலில் தனியாக இருக்கிறதா? அவள் காப்பி குடிக்கும்போது எங்கே உட்காருகிறாள்? வேண்டுமென்று யாரும் இதைச் செய்யவில்லை. "எங்கள் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான்" என்பார்கள். அச்சடித்த சான்றிதழும் அப்படித்தான் இருந்தது. அதை அடித்துத் திருத்த ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தச் சாஸனத்தில் வரும் சிறுவனைப் பற்றி மறுபடியும் ஒரு வார்த்தை. அவனை ஏன் அழைத்தார்கள்? எந்த ஓலை யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. அதனால் அவன் கை நடுநிலை தவறாது. நம் வீட்டிலும் ஒரு சிறுவன் இருக்கிறான். எந்தத் தம்ளர் யாருடையது என்று அவன் இன்னும் அறியாமல் இருந்தால், நாம் பாக்கியசாலிகள். அறிந்து விட்டான் என்றால், அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? இன்று மாலை அந்த ஜன்னல் தம்ளரை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பிறகு உத்தரமேரூரைப் பற்றி அவனுக்குக் கதை சொல்லலாம்.